சுமை இறக்கும் இடம்

ஆன்மாக்கள் மீது கொண்ட பெருங்கருணையினால் எல்லாம் வல்ல சிவபெருமான் ஐந்தொழில் புரிகின்றான் என்பது சைவ சமயத்தின் அடிப்படைக் கொள்கையாகும். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்பன அவ்வைந்தொழில்கள். இவற்றுள் அழித்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் பலர் அஞ்சுவர். ஆனால் சைவசித்தாந்த சாத்திரங்கள் அத்தொழிலுக்கு அழகானதொரு விளக்கத்தைத் தருகின்றன. பிறந்தும் இறந்தும் வினைகளைச் செய்தும் அவற்றின் பயனை அனுபவித்தும் களைத்துப்போன உயிர்களுக்கு இளைப்பு நீங்கும்படி இறைவன் கொடுக்கும் ஓய்வே சங்காரம் என்பது அவ்விளக்கம். முற்றத்தில் விளையாடிக் களைத்த குழந்தையைத் தாய் தூக்கிச் சென்று பாயிலே கிடத்துகிறாள். குழந்தை அழும், இன்னும் விளையாட வேண்டுமென்று கைகால் உதறும். தாய்க்குத்தான் தெரியும், பிள்ளைக்கு உறக்கம் வேண்டுமென்று.

ஆகவே ஓய்வு என்பது இறைவன் திருவுளங் கொண்டு வைத்ததொன்று. அதனை மனிதன் தன் சோம்பலுக்காகத் தானே தேடிக்கொண்டதாக எண்ணுதல் தவறு. பகலைப் படைத்தவனே இரவையும் படைத்தான். அப்படியிருந்தும் கிடைத்த ஓய்வை ஏற்றுக்கொள்ள மனிதனால் ஏன் இயலாமற் போகிறது என்பதே சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

வீடு வந்த உடலும் வராத மனமும்

கந்தோர் நாலேகால் மணிக்குப் பூட்டப்படுகிறது. ஆனால் மனம் பூட்டப்படுவதில்லை. வீட்டுக்கு வந்து தேநீர் அருந்தும்போதும் மேலதிகாரி சொன்ன ஒரு சொல் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். படுக்கையிற் புரளும்போது நாளைக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் வசனங்கள் ஓடும். கடை வைத்திருப்பவர் கனவிலும் கடன் கொப்பியைப் புரட்டுவார். தோட்டக்காரர் வெங்காயத்தின் விலையை எண்ணி விடியுமட்டும் விழித்திருப்பார். இந்நாளில் இவையெல்லாவற்றுக்கும் மேலாகக் கைத்தொலைபேசி வந்து சேர்ந்திருக்கிறது. முன்பு வேலை கந்தோரில் இருந்தது. இப்போது அது சட்டைப் பையிலே இருக்கிறது. சாமிப் படத்துக்கு முன்னால் கும்பிட்டு நிற்கும்போதும் அது அதிர்கிறது.

விடுமுறை நாட்கள் போதாமையே இதற்குக் காரணம் என்று சிலர் கூறுவர். இந்நாட்டில் 1966ஆம் ஆண்டு தொடக்கம் 1971ஆம் ஆண்டு வரை சனி, ஞாயிறு வார விடுமுறைக்குப் பதிலாகப் போயா தினங்கள் விடுமுறையாக இருந்தமை முதியவர்களுக்கு ஞாபகமிருக்கும். பின்னர் மீண்டும் பழைய முறை வந்தது. விடுமுறைக்குரிய நாட்கள் மாறின. மனத்தின் களைப்பு மாறவில்லை. நாட்காட்டியிற் சிவப்பு எழுத்தில் அச்சிடுவதனால் மட்டும் ஒரு நாள் ஓய்வு நாளாகிவிடாது. உடலுக்கு விடுமுறை கொடுக்க அரசாங்கத்தால் முடியும். மனத்துக்கு விடுமுறை கொடுக்க அவரவரால்தான் முடியும். அதற்கும் இறைவன் திருவருள் வேண்டும்.

ஆலயம் கற்பிக்கும் பாடம்

இதனைக் கற்றுக்கொள்வதற்கு அடியவர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. நாள்தோறும் தரிசிக்கும் ஆலயமே அதற்குரிய பள்ளிக்கூடமாகும். ஆகமங்கள் பூசைக்குக் காலம் வகுத்திருக்கின்றன. உஷக்காலம், காலசந்தி, உச்சிக்காலம், சாயரட்சை, இரண்டாங்காலம், அர்த்தசாமம் என ஆறு காலங்கள் சொல்லப்படும். வசதிக்கேற்பச் சில கோயில்களில் அவை மூன்றாகவோ இரண்டாகவோ நடைபெறும். எத்தனை காலப் பூசையாயினும் உச்சிக்காலப் பூசை முடிந்ததும் நடை சாத்தப்படும். பிந்தி வந்தவர் எத்துணைச் செல்வராயினும், எத்துணை அவசரத்தோடு வந்தவராயினும் வெளியிலே நின்று கும்பிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கோயிலுக்கே ஒரு மூடும் நேரம் உண்டு.

சிவாலயங்களில் அர்த்தசாமப் பூசையின்போது சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்வர். பால் நிவேதித்து, ஊஞ்சற்பாட்டு, தாலாட்டு முதலியன பாடித் திருக்காப்பிடுவர். மறுநாட் காலையில் திருப்பள்ளியெழுச்சி பாடப்படும். இறைவனுக்கு உறக்கம் உண்டா என்று யாரும் கேட்கலாம். உறங்காமல் உலகைக் காப்பவன் அவன். அப்படியானால் பள்ளியறைப் பூசை யாருக்காக? அது அடியவர்களுக்காக வைக்கப்பட்டது. உலகனைத்தையும் தாங்குகின்ற பெருமானுக்கே ஒரு பள்ளியறை இருக்கிறது என்றால், ஒரு கந்தோரின் ஒரு மேசையைத் தாங்குகின்ற மனிதனுக்கு அது வேண்டாமா?

இவற்றுள்ளும் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டியது கடைசியாக நடைபெறும் வைரவர் பூசை. எல்லாச் சந்நிதிகளும் சாத்தப்பட்ட பின்னர் குருக்கள் வைரவருக்குப் பூசை செய்து, கோயிற் சாவியை அவர் திருமுன் வைத்து எடுப்பது வழக்கம். இரவுக் காவல் அவருடைய பொறுப்பு என்பது அதன் கருத்து. கோயிலில் விலைமதிப்புள்ள நகைகள் இருக்கலாம். பஞ்சலோக விக்கிரகங்கள் இருக்கலாம். ஆயினும் பொறுப்பை ஒப்படைத்த குருக்கள் வீடு சென்று உறங்குகிறார். பூட்டைப் பூட்டுவது அவர் கடமை, அதனைச் செய்தார். அதற்கு மேலுள்ளது வைரவர் கடமை. ஒவ்வொருவரும் தம் தொழிலின் சாவியை இவ்வாறு மாலையில் ஒப்படைக்கக் கற்றுக்கொண்டால் பாதி நோய் தீர்ந்துவிடும்.

பூசலார் கட்டிய கோயில்

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனாரின் வரலாறு யாவரும் அறிந்ததே. கோயில் கட்டப் பொருள் கிடைக்காமையினால் அவர் மனத்தினாலேயே கல்லும் மரமும் தேடி, நாட் பார்த்து, அத்திவாரமிட்டு, விமானமும் திருக்குளமும் மதிலும் அமைத்துக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். காடவர் கோமான் கட்டிய கற்றளிக்குப் போவதைத் தள்ளிவைத்து, பூசலாரின் மனக்கோயிலுக்கு இறைவன் எழுந்தருளினான்.

மனத்துக்கு இருக்கும் ஆற்றலை இவ்வரலாறு காட்டுகிறது. இருந்த இடத்தில் இருந்தபடி அதனால் ஒரு கோயிலையே கட்டிவிட முடியும். அதே மனம்தான் கோயில் வீதியில் நின்றபடி கந்தோரைக் கட்டுகிறது, கடையைக் கட்டுகிறது, வழக்கைக் கட்டுகிறது. பூசலார் தெருவில் இருந்தார். அவர் மனம் கோயிலில் இருந்தது. இக்காலத்தவர் கோயிலில் இருக்கின்றனர். மனமோ தெருவில் இருக்கிறது. தீபாராதனை காட்டி முடிந்த பின்னரும் "பூசை முடிந்துவிட்டதா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்பவர்கள் உண்டு.

ஒரு தாயின் கேள்வி

அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்வதுண்டு. நேர்மையானவர், லீவு எடுக்காதவர். அவருடைய தாயார் முதுமையினால் படுக்கையில் விழுந்திருந்த காலம் அது. ஆண்டிறுதிக் கணக்குகளும் ஒரு கணக்காய்வு ஐயவினாவும் அவர் தலைமேல் இருந்தன. மாலையில் வீடு வந்ததும் தாயாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு அமர்வார். கையிலே கோவை இருக்கும். அவரைப் பொறுத்தவரை தாயைப் பார்க்கும் கடமையும் நிறைவேறியது. கந்தோர்க் கடமையும் நிறைவேறியது.

ஒருநாள் இரவு தாயார் கண்ணை விழித்து, "தம்பி இன்னும் கந்தோராலை வரேல்லையோ?" என்று கேட்டார். மருமகள், "உதிலை பக்கத்திலைதானே மாமி இருக்கிறார்" என்றாள். தாயார் திரும்பிப் பார்த்துவிட்டு, "இருக்கிறான் பிள்ளை, ஆனா இன்னும் வரேல்லை" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். சில நாட்களில் அவர் சிவபதமடைந்தார். அந்த ஐயவினாவுக்குப் பதில் உரிய காலத்தில் அனுப்பப்பட்டது. பின்னர் அது எந்த இறாக்கையில் இருந்தது, எப்போது கழிவுக் கடதாசியாயிற்று என்பது யாருக்கும் தெரியாது. தாயார் கேட்ட கேள்வி மட்டும் அவருக்கு மறக்கவில்லை. புதிதாக வேலைக்கு வந்த இளைஞர்களுக்கு அவரே இதனைச் சொல்லி, "தம்பியவை, வீட்டை போனால் போய்ச் சேருங்கோ" என்பாராம்.

வேலையை விட்டு ஓயாதிருப்பதன் உண்மையான இழப்பு இதுவேயாகும். இரத்த அழுத்தமும் சர்க்கரை வியாதியும் வந்தால் வைத்தியரிடம் காட்டி மருந்தெடுக்கலாம். பக்கத்தில் இருந்தும் வந்து சேராத காலத்தைத் திருப்பித் தர எந்த வைத்தியராலும் இயலாது.

காரணம் எது?

"நான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது" என்ற எண்ணமே இந்நோயின் வேர். அது கடமையுணர்ச்சியின் வேடத்தில் வருகிறது. ஆனால் சித்தாந்தம் அதற்கு ஆணவம் என்றே பெயர் சொல்லும். ஒரு கதிரையில் ஒருவர் அமர்வதற்கு முன்னர் அங்கே வேறொருவர் இருந்தார். இவர் போன பின்னர் இன்னொருவர் வருவார். இடமாற்றம் வந்தால் பேரேடுகளையும் திறப்புகளையும் எண்ணிப் பார்த்துப் பொறுப்புக் கையளித்து ஒப்பமிட்டுச் செல்வது கந்தோர் வழக்கம். மனத்தினால் மட்டும் கையளிக்க மறுப்பவர்கள் பலர். ஓய்வூதியம் பெற்றுப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் பழைய கதிரையை விட்டு எழும்பாதவர்கள் உள்ளனர்.

வேலை செய்யாமல் இருப்பதெல்லாம் ஓய்வாகுமா என்றால் அதுவும் இல்லை. சைவசித்தாந்தம் உயிரின் நிலைகளைக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்றாக வகுக்கிறது. கேவல நிலையில் உயிர் ஆணவ இருளில் அழுந்தி அறிவும் செயலுமின்றிக் கிடக்கும். சகல நிலையில் உடம்பும் கருவிகளும் பெற்று ஓடியாடும். சுத்த நிலையில் திருவருளோடு கூடி நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கேவலமும் சுத்தமும் ஒன்றுபோலத் தோன்றலாம், இரண்டிலும் ஓட்டமில்லை. ஆனால் ஒன்று இருள்; மற்றையது ஒளி. விளக்கில்லாத அறையிலும் ஒருவன் அசையாமல் இருப்பான். விளக்கின் முன்னே தியானத்திலும் அசையாமல் இருப்பான். அசையாமை ஒன்றே ஆயினும் நிலை வேறு.

நள்ளிரவு வரை தொலைக்காட்சி முன் கிடப்பதும், கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருப்பதும், மதுவிலே மயங்குவதும் கேவலத்தின் பக்கம் போவன. அவற்றிலிருந்து எழும்புபவர் போகும்போது இருந்ததிலும் பார்க்கக் கூடுதலாகக் களைத்திருப்பார். உண்மையான ஓய்வுக்கு அடையாளம் ஒன்றுண்டு. அதிலிருந்து எழும்பும்போது மனம் தெளிந்திருக்கும். எதிரில் வருபவரைப் பார்த்து முகம் மலரும்.

நாயன்மார் கண்ட நிழல்

உழைப்புக்கு எடுத்துக்காட்டாக விளங்கியவர் திருநாவுக்கரசு நாயனார். உழவாரப்படை தாங்கிக் கோயில் தோறும் சென்று புல்லைச் செதுக்கிய பெருமான் அவர். திருப்புகலூரிலே அவர் திருப்பணி செய்கையில் பொன்னும் நவமணிகளும் நிலத்திலே மின்னும்படி இறைவன் செய்தான். அவர் அவற்றைக் கல்லோடும் புல்லோடும் சேர்த்து உழவாரத்தினால் வாரிக் குளத்தில் எறிந்தார். பயனிலே பற்று வைக்காதவருக்கு வேலை சுமையாவதில்லை. மாலையில் உழவாரத்தைக் கீழே வைத்தால் அதனோடு மனத்திலுள்ளதையும் கீழே வைக்க அவரால் முடிந்தது.

அத்தகையவரும் களைத்ததுண்டு. திருப்பைஞ்ஞீலிக்குச் செல்லும் வழியில் பசியும் தாகமும் அவரை வருத்தின. இறைவன் அங்கே ஒரு குளத்தையும் சோலையையும் உண்டாக்கி, அந்தணர் வடிவில் பொதிசோறு வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவர் அதனை உண்டு, நீர் பருகி, இளைப்பு நீங்கினார். பின்னர் அந்த அந்தணர் அவரோடு கூட நடந்து சென்று திருப்பைஞ்ஞீலியை அடைந்ததும் மறைந்தருளினார். பாதி வழியில் களைத்து நின்ற அடியாரை இறைவன் கோபித்துக்கொள்ளவில்லை. சோறு கட்டிக்கொண்டு வந்தான்.

சுந்தரமூர்த்தி நாயனாருக்கும் திருக்குருகாவூர் வழியில் இவ்வாறே நிகழ்ந்தது. இறைவன் பந்தலிட்டுத் தண்ணீரும் கட்டமுதும் வைத்திருந்தான். சுந்தரரும் உடன் வந்தோரும் உண்டு, திருவைந்தெழுத்தை ஓதியபடி அந்நிழலிலே கண்ணயர்ந்தனர். விழித்தபோது பந்தலும் இல்லை, அந்தணரும் இல்லை. அடியார்கள் உறங்கி எழும் வரையில் பந்தல் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். உறக்கத்தைக் காவல் செய்வதும் அவன் தொழிலே.

நாவுக்கரசரை நீற்றறையிலே ஏழு நாட்கள் அடைத்து வைத்தபோதும் அது அவருக்குக் குளிர்ந்தது. இறைவன் திருவடி நிழலில் அவர் இருந்தமையே காரணம். நிழல் வெளியிலே இல்லை என்பதற்கு இதனிலும் பெரிய சான்று வேண்டியதில்லை. குளிரூட்டிய அறையில் வெந்துகொண்டிருப்பவரும் உண்டு. சுண்ணாம்புக் காளவாயிற் குளிர்ந்திருந்தவரும் உண்டு.

பிறருக்கு நிழலாதல்

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்களையும் மடங்களையும் கேணிகளையும் ஆவுரோஞ்சிக் கற்களையும் இன்றும் சில இடங்களிற் காணலாம். தலைச்சுமையோடு நடந்து வருபவர் இன்னொருவர் உதவியின்றித் தாமே சுமையை இறக்கி வைக்கத்தக்க உயரத்தில் சுமைதாங்கி கட்டப்பட்டது. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதனை நாட்டும் வழக்கமும் இருந்தது. இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரால், வழிப்போக்கர் எல்லாரும் சுமை இறக்க ஓரிடம்! மாடுகள் உடம்பு உராய்ந்து தினவு தீர்த்துக்கொள்ளவும் ஒரு கல் நாட்டிய முன்னோர், பிறருக்கு ஓய்வு கொடுப்பதைச் சிவபுண்ணியமாகக் கருதினர். திங்களூரில் அப்பூதியடிகள் நாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப்பந்தல் வைத்ததும் இதனாலேயே.

எனவே ஓய்வெடுக்கும் ஒவ்வொருவரும் தம் ஓய்வு யாருடைய களைப்பின் மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆண்கள் ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் சாய்ந்திருக்கும்போது அடுப்படியில் விடுமுறை உண்டா? திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கூடத்தில் அமர்ந்து கதைக்கும்போது தேநீர் ஊற்றிக்கொண்டே இருக்கும் கை யாருடையது? ஒரு நேரச் சமையலைப் பிள்ளைகளும் ஆண்களும் பொறுப்பெடுத்து வீட்டுத் தாயைச் சாயரட்சைப் பூசைக்கு அனுப்பினால் அதுவும் ஒரு சுமைதாங்கியே. கீழ் வேலை செய்பவரை இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைக்காமல் விடுவதும், நாட்கூலிக்கு வருபவருக்கு மத்தியானம் நிழலிலே இருந்து உண்ண அரைமணி நேரம் கொடுப்பதும் அத்தகையனவே. கூலியாளுக்கு ஓய்வெடுத்தால் அன்றைய உலை இல்லை. அவரை நோக்கி "ஓய்வெடு" என்று சொல்வதிலும் பார்க்க, அவர் ஓய்வெடுக்கக்கூடிய கூலியைக் கொடுப்பதே தருமம்.

நாளாந்தம் கைக்கொள்ளத்தக்கவை

முதலாவதாக, வேலைக்கு ஒரு முடிவு நேரம் குறிக்க வேண்டும். எஞ்சியவற்றை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு எழும்பலாம். எழுதி வைத்ததை மனம் காவிக்கொண்டு திரிய வேண்டிய அவசியம் இல்லை.

இரண்டாவதாக, வீட்டுக்குள் நுழையுமுன் கால் முகம் கழுவித் திருநீறு அணிய வேண்டும். முன்னோர் வைத்த இவ்வழக்கம் தூசு போக மட்டுமன்று. வெளியுலகம் படலையோடு நிற்கட்டும் என்பதற்குமாம்.

மூன்றாவதாக, விளக்கு வைக்கும் நேரத்தில் அரைமணி நேரமாவது கைத்தொலைபேசியை ஒரு பக்கத்தில் வைத்து, வீட்டார் எல்லாரும் ஒருங்கிருந்து தேவாரம் ஓத வேண்டும். கோயிலுக்கு வரும்போது அதனை வீட்டில் விட்டு வருதல் இன்னும் நன்று.

நான்காவதாக, படுக்கைக்குப் போகுமுன் திருவைந்தெழுத்தை நூற்றெட்டு முறை செபித்து, அன்றைய நாளின் நன்மை தீமை இரண்டையும் இறைவனிடம் ஒப்படைத்து உறங்க வேண்டும். குருக்கள் வைரவர் திருமுன் சாவி வைப்பது போன்றது அது.

சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றல் என்பதும் இவ்வாறு சிறிது சிறிதாகப் பழகவேண்டியதே. தன் செயல் என்று ஒன்றில்லாமல் எல்லாம் அவன் செயல் என்று நிற்கும் நிலை அது. அந்நிலையில் நிற்பவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஓய்ந்திருப்பர். அது ஞானியர்க்கு உரியது. ஏனையோர் மாலைப்பொழுதுகளிலேனும் அதனைப் பழகலாம்.

ஆலய மகோற்சவமும் இவ்வுண்மையையே உணர்த்துகின்றது. கொடியேற்றம் தொடங்கித் தேர், தீர்த்தம் வரை சுவாமி வாகனங்களில் வீதியுலா வருகிறார். தேர் இழுத்த தோள்களும் பந்தலிட்ட கைகளும் அன்னதானம் சமைத்த கரங்களும் ஓயும் வேளையில் பூங்காவனத் திருவிழா வருகிறது. அன்று சுவாமி அம்பிகையோடு ஊஞ்சலில் அமர்ந்திருப்பார். ஊஞ்சற்பாட்டு மட்டும் ஒலிக்கும். எங்கும் அவசரமில்லை. அடுத்து வைரவர் மடையோடு எல்லாம் நிறைவுறும். தேரன்று வடம் பிடிக்கத் திரண்டு வரும் அடியவர்கள் பூங்காவனத்தன்றும் வந்து, பந்தலின் கீழ் மணலிலே சற்று நேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். வடம் பிடிப்பது வழிபாடு என்றால், வடத்தை விட்டுவிட்டு அமர்ந்திருப்பதும் வழிபாடே.

களைத்த உயிர்கள் யாவும் இறைவன் திருவடி நிழலில் இளைப்பாறித் தெளிவு பெறத் திருவருள் துணை நிற்பதாக.

திருச்சிற்றம்பலம்